லூமுட் பேராவில் இல்லாத காலம்: டிண்டிங்ஸ் கரையின் காலனித்துவ வரலாறு

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பயணம் செய்து லூமுட் படகுத்துறைக்கு வருகிறவர்கள் இன்று எந்த எல்லையையும் கடப்பதில்லை. ஈப்போவும் பேரா, லூமுட்டும் பேரா. ஆனால் 1935-ஆம் ஆண்டுக்கு முன்பு நிலைமை வேறு. அப்போது இதே வழியில் வந்தவர்கள் பேரா சுல்தானின் மாநிலத்தை விட்டு வெளியேறி, பிரிட்டிஷ் மன்னரின் நேரடிக் காலனிக்குள் நுழைந்தார்கள். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு துண்டாக லூமுட்டும் பங்கோர் தீவும் இருந்தன. அந்தத் துண்டுக்குப் பெயர் டிண்டிங்ஸ். இன்றைய மஞ்சோங் மாவட்டம் 1982 வரை இந்தப் பெயரில்தான் அழைக்கப்பட்டது.

வயதானவர்கள் இன்றும் பேச்சுவாக்கில் "டிண்டிங்ஸ்" என்று சொல்வதைக் கேட்கலாம். அது ஏன் தனியாக இருந்தது, யார் பிரித்தார்கள், யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பள்ளிப் பாடத்தில் பங்கோர் ஒப்பந்தம் வரும், பர்ச் கொலை வரும், அத்தோடு முடிந்துவிடும். இந்தக் கரையில் பிறந்த தோட்டக் குடும்பங்களுக்கோ அந்த எல்லைக்கோடு பாடப்புத்தகத்தோடு முடிந்த விஷயம் இல்லை. பிறப்புப் பத்திரம், பிரஜாவுரிமை, அடையாள அட்டை என்று அது வீட்டுக்குள்ளேயே வந்தது.

ஈயத்துக்காக எழுந்த கோட்டை

மலாய் மொழியில் லூமுட் என்றால் பாசி. பாசி படர்ந்த இந்தக் கரைக்கு எதிரே இருக்கும் பங்கோர் தீவுக்கு முதலில் வந்து கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். பேராவில் விளைந்த ஈயம் முழுவதும் தங்கள் கைக்கே வர வேண்டும் என்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் திட்டம். பேரா ஆற்றின் முகத்துவாரத்துக்கு வரும் போகும் கப்பல்களைக் கண்காணிக்கப் பங்கோர் ஏற்ற இடமாக இருந்தது. 1670-இல் அங்கே மரக்கோட்டை எழுந்தது. பிறகு அது செங்கல் கோட்டையானது.

உள்ளூர் மலாய் மக்கள் அதை ஏற்கவில்லை. 1690-இல் பங்லிமா குலுப் தலைமையில் கோட்டை தாக்கப்பட்டது. 1740-களில் டச்சுக்காரர்கள் திரும்பவும் வந்து சில ஆண்டுகள் படையை நிறுத்திப் பார்த்தார்கள். 1748-இல் கைவிட்டுப் போனார்கள். தெலுக் கெடோங்கில் இன்று சுற்றுப்பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கோத்தா பெலாண்டா, 1973-இல் அருங்காட்சியகத் துறை சீரமைத்துக் கட்டிய சுவர்கள்தான்.

1826-இல் ஒரு கையெழுத்து, 1874-இல் இன்னொன்று

டச்சுக்காரர்களுக்குப் பின் வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1826 அக்டோபர் 18-இல் பினாங்கிலிருந்து வந்த கேப்டன் ஜேம்ஸ் லோ, பேரா சுல்தானோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கடற்கொள்ளையை அடக்குவதற்கு என்று சொல்லிப் பங்கோரும் அதைச் சுற்றிய தீவுகளும் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. காகிதத்தில் வாங்கிக்கொண்டார்களே தவிர, அடுத்த பல ஆண்டுகளுக்கு அங்கே பெரிதாக ஆட்சி எதுவும் நடக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து லாருட் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டங்கள் மோதிக்கொண்டன. பேரா அரியணைக்கும் போட்டி இருந்தது. இரண்டையும் தீர்த்து வைப்பதாகச் சொல்லி, நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் பங்கோர் தீவுக்கு வந்தார். 1874 ஜனவரி 20-இல் 'புளூட்டோ' என்ற கப்பலில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். சமயம், மலாய் வழக்கம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்று எழுதப்பட்டது.

இந்தப் பகுதியை எல்லாரும் படித்திருக்கிறோம். அதே ஒப்பந்தத்தில் டிண்டிங்ஸ் பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. 1826-இல் கொடுக்கப்பட்ட இடத்தின் எல்லை தவறாக எழுதப்பட்டுவிட்டது, அதைத் 'திருத்துகிறோம்' என்றது அந்தப் பிரிவு. திருத்தம் முடிந்தபோது தீவுகளோடு எதிர்க்கரையும் சேர்ந்து காலனியாகியிருந்தது. புக்கிட் செகாரியிலிருந்து நேராகக் கடலுக்கு, அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே கட்டா தீவு வரை, பிறகு வடகிழக்கில் ஏறத்தாழ 5 மைல் உள்ளே, அங்கிருந்து வடக்கே மறுபடியும் புக்கிட் செகாரிக்கு என்று கோடு போட்டார்கள். கடற்படையின் வரைபடத்தை வைத்துக்கொண்டு கப்பலில் இருந்தபடியே போட்ட கோடு அது.

முதல் ரெசிடெண்டாக வந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், அதற்கு முன் இலங்கையில் நீண்டகாலம் வேலை பார்த்தவர். பேராவின் வரி முறையையும் கடனடிமை வழக்கத்தையும் அவசர அவசரமாக மாற்றப் போய்ப் பகையைத் தேடிக்கொண்டார். 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்காக மகாராஜா லேலா 1877-இல் தூக்கிலிடப்பட்டார்.

டிண்டிங்ஸ் பக்கமும் அமைதியாக இருக்கவில்லை. பங்கோரில் இருந்தபடி இந்தப் பகுதியை நிர்வகித்த கேப்டன் லாய்ட், 1878-இல் தம் வீட்டிலேயே கொள்ளைக் கூட்டத்தால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே இந்த வழியாகப் பயணம் செய்த இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1883-இல் வெளிவந்த தம் பயண நூலில் அந்தக் கொலையைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்பாடு நிர்வாகம் லூமுட்டை மையமாகக் கொண்டது.

ஒரே கரை, இரண்டு சட்டம்

இந்தக் கோட்டுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்று பார்ப்போம். பேரா 1896-இல் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றோடு மலாய் கூட்டரசு மாநிலங்களில் ஒன்றானது. அது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தானின் மாநிலம். டிண்டிங்ஸோ பினாங்குக் குடியேற்றத்தின் பகுதியாக ஆளப்பட்டது. அதற்கான சட்டங்கள் சிங்கப்பூரில் இருந்த சட்டமன்றத்தில் எழுதப்பட்டன. ஆக, கோட்டுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு சட்டப் புத்தகம், அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு வேறொன்று.

பிறப்பிலும் வேறுபாடு இருந்தது. லூமுட்டில் பிறந்த குழந்தை, தாய் தகப்பன் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், பிறந்த மண்ணாலேயே பிரிட்டிஷ் பிரஜை. கோட்டைத் தாண்டி பேரா மண்ணில் பிறந்த குழந்தைக்கு மண் அந்த உரிமையைத் தரவில்லை. இந்தியாவில் பிறந்த தகப்பன் வழியாகத்தான் அது வர வேண்டும். பால்மரம் ஒன்றுதான், லயமும் ஒன்றுதான், பெரட்டுக்கு அடிக்கும் மணியும் ஒன்றுதான். பதிவேட்டில் மட்டும் இரண்டு நாடு.

நம்மவர்கள் வந்த வழி

ரப்பர் வருவதற்கு முன்பே தமிழர்கள் இந்த நாட்டில் சஞ்சிக்கூலிகளாக இருந்தார்கள். செபராங் பிறையிலும் வட பேராவின் கிரியான் பகுதியிலும் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஆள் கொண்டுவரப்பட்டது. கப்பல் கட்டணத்தையும் முன்பணத்தையும் கடனாக எழுதிவைத்து, அது தீரும்வரை வேலை வாங்குவதே அந்த முறை. ஓடிப்போனால் சிறை.

ரப்பர் மரம் காலூன்றியதும் பேராவில்தான். 1877-இல் வந்த கன்றுகளிலிருந்து வளர்ந்த மரங்களைக் கோலாகங்சாரில் நட்டவர் பர்ச்சுக்குப் பிறகு ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ. மோட்டார் வாகனங்கள் பெருகி 1910-ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது, மேற்குக் கரை முழுவதும் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். சித்தியவான், ஆயர் தாவார், லூமுட் வட்டாரமும் அதில் சேர்ந்துகொண்டது. இதே காலத்தில், 1903-இல், சீனாவின் பூச்சியாவ் பகுதியிலிருந்து மெதடிஸ்ட் திருச்சபை வழியாக முந்நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்கள் சித்தியவானில் குடியேறினார்கள். அவர்களும் பின்னர் ரப்பர் நட்டார்கள். அவர்களுக்குச் சொந்தமாக நிலம் கிடைத்தது. நம்மவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. இரண்டு சமூகங்களின் பொருளாதார நிலை பின்னாளில் வேறு வேறு பாதையில் போனதற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம்.

சஞ்சி முறையில் புதிதாக ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத் துரை கொடுத்த பணத்தோடு கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்குப் போய், உறவையும் ஊராரையும் திரட்டி வருவார். 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. பினாங்கில் இறங்கியவர்களை முதலில் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்து நோய் பார்த்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1926 முதல் ஓடிய 'ரஜூலா' கப்பலைப் பற்றிப் பேசாத பழைய தோட்டக் குடும்பம் அபூர்வம்.

கரும்புக்காகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்ட கரீபியன் தீவுகளோடு இதை ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். டிரினிடாட்டுக்கு 1845-லும் குவாடலூப்புக்கு 1854-லும் முதல் இந்தியத் தொழிலாளர் கப்பல்கள் போயின. குவாடலூப்புக்குப் போனவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறியவர்கள். பயணமே மாதக்கணக்கில். திரும்பி வந்தவர்கள் குறைவு. அங்கே இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது, வீட்டில் பேசும் தமிழ் போய்விட்டது. மலாயாவுக்கு ஒரு வாரத்தை ஒட்டிய கடல் பயணம். போக்குவரத்து நிற்கவில்லை, கடிதம் வந்தது, பெண் எடுத்துக் கொடுத்தார்கள். ஊர் ஊராக ஆள் வந்ததால் ஊர் வழக்கமும் கூடவே வந்தது. லயத்து மூலையில் தொடங்கிய வகுப்புகள் தமிழ்ப்பள்ளிகளாயின. புண்டுட் முக்கிமிலும் சொகமானா, ஆயர் தாவார் தோட்டங்களின் பெயரிலும் சித்தியவானில் மகா கணேச வித்தியாசாலை என்ற பெயரிலும் தமிழ்ப்பள்ளிகள் நிலைத்தன. பங்கோரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் மாசி மகம் இன்றும் விமரிசையாக நடக்கிறது.

இந்தத் தொடர்பு ஒருவழியாக இருந்ததும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். தேவைப்பட்டால் அழைப்பது, விலை விழுந்தால் அனுப்புவது என்பதே கணக்கு. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. கங்காணி ஆள் திரட்டுவதும் அத்தோடு முடிந்தது.

1935: கொடுத்ததைத் திரும்பப் பெற்ற பேரா

ஆழமான இயற்கைத் துறைமுகம் என்று நம்பி வைத்துக்கொண்ட டிண்டிங்ஸ், காலனி அரசுக்குப் பெரிய வருமானம் எதையும் தரவில்லை. லூமுட்டுக்கு ரயில் பாதை வரவில்லை. சிலாங்கூரில் 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம், சரக்கை ஈர்த்துக்கொண்டது. கடற்கொள்ளை என்ற பழைய காரணமும் எப்போதோ போய்விட்டது. சுல்தான் இஸ்கந்தர் ஷா காலத்தில், 1935 பிப்ரவரியில் டிண்டிங்ஸ் மீண்டும் பேராவோடு இணைக்கப்பட்டது. 1826-இலிருந்து எண்ணினால் 109 ஆண்டு, 1874-இலிருந்து எண்ணினால் 61 ஆண்டு. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அன்றைய பெரட்டும் மறுநாள் பெரட்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். சட்டத்தில் மட்டும் நாடு மாறியிருந்தது.

போர் வந்த கரை

ஏழு ஆண்டுக்குள் இந்தக் கரை மறுபடியும் வரலாற்றில் இடம்பெற்றது. 1941 டிசம்பர் இறுதியில் கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரைத் தடுத்து நின்றன. நேராகப் போய் உடைக்க முடியாத ஜப்பானியர், லூமுட்டிலிருந்து சிறு படகுகளில் ஒரு படைப்பிரிவைக் கரையோரமாகத் தெற்கே அனுப்பினார்கள். அது ஹூத்தான் மெலிந்தாங்கில் இறங்கியதும், பின்பக்கம் துண்டிக்கப்படுமோ என்ற நிலையில் கம்பார் படை பின்வாங்க வேண்டியதாயிற்று. 1943 மே மாதத்தில் ஜப்பானியரை எதிர்க்கும் 136-ஆவது படைப்பிரிவின் ஜான் டேவிஸ் குழு, நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கியதும் லூமுட்டுக்கு வடக்கே உள்ள தஞ்சோங் ஹந்து கரையில்தான்.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் பெயர் எந்த நினைவுக்கல்லிலும் முழுமையாக இல்லை.

பத்திரம் கேட்ட காலம்

போருக்குப் பிறகு, யார் இந்த நாட்டவர் என்ற கேள்வி வந்தது. 1948 மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம், பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்து கூட்டரசில் நிரந்தரமாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகளைத் தானாகவே கூட்டரசுப் பிரஜைகளாக ஏற்றது. மற்ற இடங்களில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தொடர்ந்து 15 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். டிண்டிங்ஸ் அப்போது பினாங்கோடு இல்லை. பேராவில் சேர்ந்து 13 ஆண்டு ஆகியிருந்தது.

1957 சுதந்திரத்துக்குப் பின் விதிகள் மாறின. மெர்டேக்கா நாளன்றோ அதன் பிறகோ இங்கே பிறந்த குழந்தை அப்போதைய சட்டப்படி தானாகவே பிரஜை. முன்பு பிறந்தவர்கள் பலர் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தோட்டத்தில் எத்தனை பேருக்கு அது உரிய நேரத்தில் தெரிந்தது? தெரிந்தவர்களிலும் எத்தனை பேர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணத்து அலுவலகத்துக்குப் போனார்கள்? "ஊருக்குத்தானே போகப்போறோம்" என்று இருந்தவர்களும் உண்டு.

அதற்கான விலையை 1969-க்குப் பிறகு கொடுத்தார்கள். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள், வாழ்நாள் முழுக்கப் பால்வெட்டிய மண்ணை விட்டு ரஜூலாவில் ஏறினார்கள். அதற்கு முன்பே தோட்டத் துண்டாடல் பலரை வேலையும் வீடும் இல்லாமல் ஆக்கியிருந்தது. அதைத் தடுக்கும் முயற்சியாகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார்.

பத்திரத்தின் கனம் தமிழர்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல. சித்தியவானில் 1924-இல் பிறந்த கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங், நாடு திரும்ப அனுமதி கேட்டு வழக்குப் போட்டபோது, 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறப்பையும் குடியுரிமையையும் காட்டும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொன்னது. அவரால் காட்ட முடியவில்லை. 2013-இல் பேங்காக்கில் இறந்தார். அவருடைய அரசியலை ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு பேச்சு. ஒரு காகிதம் இல்லாமல் போனால் பிறந்த ஊரே எட்டாமல் போகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

குடும்ப வேர் தேடுவோருக்கு

லூமுட், பங்கோர் பக்கம் தாத்தா பாட்டி பிறந்தார்கள் என்று தெரிந்து, பழைய பதிவைத் தேடிக் கிடைக்காமல் இருப்பவர்கள் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1935 பிப்ரவரிக்கு முன் டிண்டிங்ஸில் பதிவான பிறப்பு, காலனியின் பதிவு. தேசியப் பதிவுத் துறையில் விசாரிக்கும்போது பேரா என்று மட்டும் சொல்லாமல், நீரிணைக் குடியேற்றங்கள், டிண்டிங்ஸ் என்ற இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். பழைய பத்திரத்தில் அந்தப் பெயர்கள் இருந்தால் அது வெளிநாட்டுப் பத்திரம் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். அது இந்த மண்ணின் பத்திரம்தான்.

பெயரை எழுதியவர் கிராணி. காதில் விழுந்தபடி எழுதினார். ராமாயி, ராமி ஆகியிருக்கலாம், முனியாண்டி, முனியன் ஆகியிருக்கலாம். ஆகவே தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். தோட்டப் பெயரும் கம்பெனி கைமாறும்போது மாறியிருக்கும். நம்மவர்கள் அழைத்த தமிழ்ப் பெயர் வேறாக இருந்திருக்கும். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, கோயில் உபயக் கல், திருப்பணிக் கணக்கு நோட்டு, பழைய செக்ரோல், சிவப்பு அட்டை எதுவும் குப்பை இல்லை. தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறி, கோயில் இடம் பெயரும்போதும் பள்ளி இடம் மாறும்போதும் முதலில் தொலைவது இவைதான். கைப்பேசியில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். அரசாங்கக் கோப்புகளைப் பொறுத்தவரை, நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் அங்குள்ள கியூ ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 என்ற வரிசையில் இருக்கின்றன. டிண்டிங்ஸ் பற்றி ஆராய விரும்பும் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இன்று லூமுட் என்றால் கடற்படைத் தளம், பங்கோர் படகு, தெலுக் ருபியாவில் மின்நிலையமும் இரும்புத் தாது முனையமும் என்றே பலருக்கு நினைவு வரும். பிரேசிலிலிருந்து வரும் தாதுக் கப்பல்கள் நங்கூரமிடும் இதே கடலை நம்பித்தான் டச்சுக்காரன் கோட்டை கட்டினான், வெள்ளைக்காரன் கோடு கிழித்தான். கோட்டை சுற்றுலாத் தலமாகிவிட்டது. கோடு வரைபடத்திலிருந்து அழிந்துவிட்டது. அந்தக் கோட்டுக்குள் பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கு இன்று 90 வயதைத் தாண்டியிருக்கும். அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், யாருக்குப் பிறந்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க இன்னும் சிறிது காலமே இருக்கிறது.